பென்சிலுக்கு முன் ஓலை

மாசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் வசந்தம் வந்துவிட்டது என்று பொருள். கொல்லாமரம் காய்க்கும், பலாவில் பிஞ்சு தொங்கும், பங்குனி முடிவதற்குள் கொன்றை மஞ்சளாகப் பூத்துச் சொரியும். எங்கள் பக்கம் என்று நான் சொல்வது பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லைக் கிராமங்களை. இந்தப் பருவத்தில் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்குச் செய்து கொடுக்கக்கூடிய சில கைவேலைகளைப் பற்றி நம் இதழுக்கு எழுத வேண்டும் என்று சில மாதங்களாகவே எண்ணியிருந்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு பங்குனியில், புனேயில் இருக்கும் என் மகன் தன் குடும்பத்துடன் ஊருக்கு வந்தான். பேரனுக்கு அப்போது நான்கு வயது. அவன் படிக்கும் மழலையர் பள்ளியிலிருந்து இரண்டு குறைகள் எழுதி அனுப்பியிருந்தார்கள். ஒன்று, பையனுக்குப் பென்சில் பிடிக்க வரவில்லை, கோட்டுக்குள் எழுதுவதில்லை. மற்றொன்று, வாய் திறந்து பேசுவதில்லை. ஆகவே வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள். மருமகள் அந்தத் தாளை என்னிடம் காட்டியபோது அவள் கண் கலங்கியிருந்தது. "மாமா, நாங்க தமிழ் பேசினதுதான் தப்பாப் போச்சா?" என்று கேட்டாள்.

வெளி மாநிலத்திலும் வெளிநாட்டிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் இந்தக் கேள்வி எழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆகவே அவளுக்குச் சொன்ன பதிலையும், அந்த இரண்டு மாதத்தில் நாங்கள் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

கை முற்ற வேண்டும்

பென்சில் பிடிப்பதற்கு மணிக்கட்டு உறுதியாக நிற்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து நுணுக்கமாக அசைய வேண்டும். நம் மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு. குழந்தை பிறக்கும்போது இந்த எட்டும் எலும்பாக இருப்பதில்லை, குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றாக முற்றி, ஏழு எலும்புகள் எக்ஸ்ரே படத்தில் தெரிவதற்கே பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு ஏழு வயது ஆகிவிடும். எட்டாவது அதற்கும் சில ஆண்டுகள் கழித்துத்தான். விரல்களை இயக்கும் தசைகளும் பழகப் பழகத்தான் தேறும். நான்கு வயதுப் பிள்ளை கோட்டுக்குள் எழுதவில்லை என்றால் அது பெரும்பாலும் குறை அல்ல, வயது.

நம் முன்னோர் இதை வேறு விதமாக அறிந்திருந்தார்கள். பழைய திண்ணைப் பள்ளிகளில் பிள்ளை முதலில் விரலால் மணலில் எழுதியது. எழுத்தாணியும் ஓலையும் பின்னால்தான் வந்தன. ஜெர்மனியில் 1837-இல் சிறு குழந்தைகளுக்கென்று பள்ளி தொடங்கிய ஃப்ரோபெல், தாள் மடிப்பதையும், தாள் நாடாக்களைப் பின்னுவதையும், குச்சி அடுக்குவதையும் பாடமாகவே வைத்தார். கிண்டர்கார்டன் என்ற பெயர் அவர் வைத்ததுதான். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கி நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், எழுத்துக்கு முன்னால் கையைப் பழக்க வேண்டும் என்றே வலியுறுத்தினார். ஆக, ஓலை மடிப்பதும் இலை கோர்ப்பதும் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. எழுதப்போகும் கைக்கு அது அடித்தளம்.

எல்லையில் ஒரு தோட்டம்

1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை, நடந்தே போய்விடலாம். மரங்களுக்கு அந்த எல்லை தெரியாது. தமிழ்நாட்டின் மாநில மரம் பனை, கேரளத்தின் மாநில மரம் தென்னை. எங்கள் விளைகளில் இரண்டும் அருகருகே நிற்கின்றன. 2018-இல் கேரள அரசு மாநிலப் பழமாக அறிவித்த பலா அநேகமாக எல்லா வீட்டு முற்றத்திலும் உண்டு. மாநில மலரான கொன்றை, அங்கே விஷுக் கனிக்கும் இங்கே சித்திரைக் கனிக்கும் ஒன்றுபோல் வேண்டும். குருத்தோலை ஞாயிறன்று தேவாலயங்களில் பிள்ளைகள் கையில் குருத்தோலை இருக்கும். அம்மன் கொடைக்கு அதே ஓலை தோரணமாகத் தொங்கும். கைவேலைக்கு வேண்டிய பொருள் எதற்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

குருத்தோலைக்காக நல்ல தென்னையின் நடுக்குருத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள். தென்னைக்கும் பனைக்கும் வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். அது கெட்டால் மரமே போய்விடும். விழாவுக்கு வந்த ஓலையில் மிஞ்சியதோ, கீழ் மட்டையின் பச்சை ஓலையோ போதும்.

1. பிலாவிலைக் கிரீடம்

பலாவை இங்கே பிலாவு என்பார்கள். முன்பெல்லாம் கஞ்சி குடிக்கக் கரண்டி பிலாவிலைதான். இலையின் இரு ஓரங்களையும் கூம்பாக வளைத்து, ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் ஒரு ஈர்க்குத் துண்டைக் குத்தினால் கரண்டி ஆகிவிடும். இதற்கு இலை கோட்டுதல் என்று பெயர். மலையாளத்திலும் அதே சொல். வளைத்தல் என்ற பொருளில் அது பழந்தமிழ்ச் சொல்லும்கூட.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு என்ற பழைய பலாமரத்தின் அடிமரத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பின்னாளில், 1729 முதல் 1758 வரை, திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா, இளவரசராக இருந்தபோது பகைவர் துரத்த, அந்த மரப்பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது வழிவழியாக வரும் கதை. கிரீடம் செய்யும்போது இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் கையும் ஓடும், காதும் கூர்ந்திருக்கும்.

கிரீடத்துக்குச் சாண் நீளமுள்ள முற்றிய இலை ஐந்தாறு போதும். காம்பைக் கிள்ளினால் பால் வரும். துடைத்து அரைமணி நேரம் வைத்துவிடுங்கள். ஒரு இலையின் நுனியை அடுத்த இலையின் அடிமேல் நான்கு விரல் அகலம் படும்படி வைத்து, பெரியவர் ஈர்க்கால் இரண்டு துளை இட வேண்டும். அந்தத் துளைகளில் சிறு ஈர்க்குத் துண்டை மேலே நுழைத்துக் கீழே வாங்கி, மறுபடி மேலே எடுப்பது குழந்தையின் வேலை. தலையைச் சுற்றி அளவு பார்த்து வளையமாக முடித்து, நடுவில் ஒரு கொன்றைக் கொத்தைச் செருகினால் ராஜா தயார். பென்சில் பிடிக்கும் அதே மூன்று விரல்கள்தான் இங்கே ஈர்க்கைப் பிடிக்கின்றன.

2. ஓலைப் பின்னல்

நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே இருக்கிறது பாலராமபுரம். கைத்தறிக்குப் பேர்போன ஊர். 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மா மகாராஜா காலத்தில், இன்றைய தமிழகப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்களை அழைத்து வந்து அங்கே குடியமர்த்தினார்கள். அவர்களும் நம்மைப்போல் பிழைப்புக்காக இடம் பெயர்ந்தவர்களே. அவர்கள் தறியில் செய்வதைக் குழந்தை ஓலையில் செய்கிறது.

விரல் அகலத்தில் பத்து ஓலை நாடாக்கள் வெட்டிக்கொள்ளுங்கள். ஐந்தை நெடுக்காக வரிசையாய் வைத்து, மேல்முனையை ஒரு அட்டையில் ஒட்டிவிடுங்கள். இது பாவு. மற்ற ஐந்தும் ஊடு. "மேல ஒண்ணு, கீழ ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே முதல் நாடாவைக் குழந்தை நுழைக்கட்டும். இரண்டாவது வரியில் "கீழ ஒண்ணு, மேல ஒண்ணு" என்று மாற்ற வேண்டும். மாற்றாமல் முன்போலவே நுழைத்தால் என்ன ஆகும்? இரண்டு நாடாவும் ஒன்றையொன்று பிடிக்காது. ஒன்றாகச் சேர்ந்து நழுவும். நாம் தப்பு என்று சொல்லத் தேவையில்லை. ஓலையே சொல்லிவிடும். பிள்ளை தானே பிரித்து மறுபடி நுழைக்கும். அப்போது நாம் கையை நீட்டாமல் இருப்பதுதான் கடினம்!

3. கறங்கு

காற்றாடியை இங்கே கறங்கு என்றும் சொல்வார்கள். கறங்குதல் என்றால் சுழலுதல். இதற்குப் பனையோலை நல்லது. மடித்தால் மடித்தபடி நிற்கும். சாண் நீளமும் இரண்டு விரல் அகலமும் உள்ள ஒரு துண்டை எடுத்து, சரிநடுவில் ஒரு துளை இடுங்கள். துண்டைக் கிடையாகப் பிடித்து, வலது பாதியின் மேல் விளிம்பை அப்புறமாகவும், இடது பாதியின் மேல் விளிம்பை நம் பக்கமாகவும் சற்று முறுக்குங்கள். தென்னை ஈர்க்கைத் துளையில் நுழைத்து, வெளியே வந்த நுனியில் ஒரு குரும்பையைச் செருகினால் ஓலை கழன்று விழாது. ஈர்க்கின் கூரும் கண்ணில் படாது. ஓலைக்குப் பின்னால் ஈர்க்கில் கொஞ்சம் நூலைச் சுற்றி முடிச்சிட்டால் பின்னோக்கி நழுவாது. பிடித்துக்கொண்டு காற்றை எதிர்த்து ஓடினால் சுழலும்.

இரண்டு பாதியையும் ஒரே பக்கம் சாய்த்தால் சுழலாது. எதிரெதிராகச் சாய்த்தால்தான் காற்று ஒரு பாதியை மேலேயும் மறு பாதியை கீழேயும் தள்ளும். துளையும் ஈர்க்கைவிடச் சற்றே பெரிதாக இருக்க வேண்டும். இறுக்கமானால் நிற்கும், மிகப் பெரிதானால் தள்ளாடும். எந்த இயந்திரத்தின் தாங்கியிலும் இதே கணக்குத்தான். குழந்தைக்கு விளக்கம் வேண்டாம். இரண்டு விதமாகவும் செய்து கையில் கொடுங்கள். எது ஓடும் என்று அதுவே கண்டுபிடிக்கும்.

4. பூவரசுப் பீப்பி

பூவரசின் இளம் இலை ஒன்றை நன்றாகக் கழுவி, நுனியிலிருந்து குழலாகச் சுருட்டி, ஒரு முனையைச் சப்பையாக அமுக்கி ஊதினால் 'பீ' என்று ஒலி வரும். சப்பையான முனையின் இரண்டு உதடுகளும் காற்றில் அதிர்ந்து மூடித் திறப்பதால் வரும் ஒலி அது. நாகசுரத்தின் சீவாளியும் இப்படித்தான் ஒலிக்கிறது. இறுக்கிச் சுருட்டினால் ஒரு ஒலி, தளர்த்திச் சுருட்டினால் வேறு ஒலி. சுருட்டுவது விரலுக்குப் பயிற்சி, ஊதுவது உதட்டுக்கும் மூச்சுக்கும் பயிற்சி. பேசக் கூச்சப்படும் பிள்ளைகூட இதை ஊதாமல் இருப்பதில்லை.

5. நுங்கு வண்டி

சித்திரையில் நுங்கு தின்று முடித்ததும் கிடைக்கும் இரண்டு வெற்றுக் கூந்தல்கள்தான் சக்கரம். ஒரு முழக் குச்சியின் இரு முனையிலும் அவற்றை இறுக அடித்து, கவையுள்ள ஒரு நீளக் கம்பை அந்தக் குச்சியின்மேல் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். குழந்தை வண்டியைத் தள்ளலாம். பனங்காயைச் சீவுவதும் குச்சியை அடிப்பதும் பெரியவர் வேலை.

ரயில்வேயில் வேலை பார்த்தவன் என்பதால் இதில் எனக்குத் தனிப் பிரியம். மாட்டு வண்டியில் அச்சு நிற்கும், சக்கரம் மட்டும் சுழலும். நுங்கு வண்டியில் இரண்டு சக்கரமும் அச்சோடு இறுகி, மூன்றும் ஒன்றாகச் சுழல்கின்றன. ரயில் வண்டியும் அப்படியே. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டுமே, எப்படி? ரயில் சக்கரத்தின் ஓடுபரப்பை 20-க்கு 1 என்ற சரிவில் கூம்பாகக் கடைந்திருப்பார்கள். வளைவில் வண்டி சற்று வெளியே ஒதுங்கும்போது வெளிச்சக்கரம் பெரிய வட்டத்தில் உருளும். நுங்கு வண்டிக்கு அந்த வசதி இல்லை. ஆகவே திருப்பத்தில் அது இழுத்துக்கொண்டு போகும். பிள்ளை உடம்பைச் சாய்த்துத் திருப்பும். 1979-இல் திறந்த திருவனந்தபுரம் – கன்னியாகுமரி ரயில் பாதையில்தான் எங்கள் பாறசாலை நிலையம் இருக்கிறது. பேரனை ரயில் காட்டக் கூட்டிப்போனபோது சக்கரத்தைச் சுட்டி, "பாட்டா, நம்ம வண்டி!" என்றான்.

கவனம் தேவைப்படும் இடங்கள்

வசந்தத்தில் அழகாய்க் கிடக்கும் எல்லாம் குழந்தைக்கு ஆகாது. இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குன்றிமணி: சிவப்பில் கறுப்புப் பொட்டுள்ள விதை. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான கொடிய நஞ்சு உள்ளே இருக்கிறது. வீட்டில் வைக்கவே வேண்டாம். முழுச் சிவப்பான மஞ்சாடி விதை வேறு. ஆனால் அதுவும் தொண்டையில் அல்லது மூக்கில் அடைத்துக்கொள்ளும் என்பதால் ஐந்து வயதுக்குள் கொடுக்கக் கூடாது.

அரளியும் ஒதளங்காயும்: பூ அழகு, காய் பந்துபோல் இருக்கும். இரண்டும் இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு.

பச்சைக் கொல்லாங்கொட்டை: தோட்டில் உள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். பழத்தின் சாறு துணியில் கறையாகும்.

பனைமட்டையின் கருக்கு அரம்போல் அறுக்கும், கையில் கொடுக்காதீர்கள். ஈர்க்கின் கூர்முனையைக் கிள்ளிவிட்டே கொடுங்கள். கத்தி எப்போதும் பெரியவர் கையில் இருக்கட்டும். ஒரு வேலைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். பாதியில் எழுந்து போனால் போகட்டும், நாளை தொடரலாம்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு

"இங்கே பனையும் பலாவும் எங்கே?" என்று கேட்பீர்கள். பின்னலுக்குப் பழைய நாட்காட்டித் தாளும், கறங்குக்குத் தபால் அட்டையளவு தடித்த தாளும், கிரீடத்துக்கு பாதாம் மர இலையும் போதும். நகரத் தெருக்களில் பாதாம் மரம் இல்லாத இடம் குறைவு. தென்னை விளக்குமாறு எங்கும் விற்கிறது. புதிதாக வாங்கிக் கழுவினால் ஈர்க்குக்குப் பஞ்சமில்லை. ஒரு தாளில் மஞ்சள் கரைசலைத் தடவி உலர்த்தி, அதன்மேல் சோப்புத் தண்ணீரில் தோய்த்த விரலால் கோடு இழுக்கச் சொல்லுங்கள். கோடு செங்காவி நிறமாகத் தெரியும். எலுமிச்சைச் சாற்றை விட்டால் மறுபடி மஞ்சளாகும். இது சமையலறையிலேயே கிடைக்கும் மந்திரம்.

பொருள் மாறினாலும் பேச்சு மட்டும் தமிழாக இருக்கட்டும். மடி, மடக்கு, சுருட்டு, கோர், பின்னு, முறுக்கு, செருகு, இறுக்கு, தளர்த்து – இந்தச் சொற்களை நாம் எந்தப் புத்தகத்தை வைத்துப் பிள்ளைக்குச் சொல்லித்தர முடியும்? கை செய்யும்போது காதில் விழுந்தால், சொல்லும் செயலும் ஒன்றாக உள்ளே போகும். ஞாயிறு வகுப்புகளில் அ, ஆ எழுத வைப்பதற்கு முன் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்கலாம்.

மருமகளுக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். எங்கள் எல்லைக் கிராமங்களில் மூன்று வயதுப் பிள்ளை ஒரு வீட்டில் மலையாளமும் அடுத்த வீட்டில் தமிழும் பேசும். யாரும் அதைச் சுமையாக நினைத்ததில்லை. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை என்பதே ஆய்வாளர்களின் முடிவும். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் இயன்றவரை ஐந்தாம் வகுப்பு வரையாவது வீட்டு மொழியிலேயே கற்பிக்கச் சொல்கிறது. பிள்ளை எந்த மொழியிலுமே பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அப்படி இல்லாதபோது வீட்டு மொழியை நிறுத்துவது மருந்தல்ல. அம்மாவின் பேச்சையே நிறுத்துவது போன்றது.

பேரன் இரண்டு மாதத்தில் எழுத்தாளன் ஆகிவிடவில்லை. ஊருக்குத் திரும்பும்போதும் பென்சிலை முழு முஷ்டியால்தான் பிடித்தான். ஆனால் முற்றத்து மணலில் விரலால் ஒரு 'ப' போட்டு, "இது பாட்டா" என்றான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. இப்போது தொலைபேசியில் அவன் முதலில் கேட்பது, "பாட்டா, ஓலை வெட்டி வச்சிருக்கா?" என்பதுதான். மருமகள் வீட்டில் தமிழை நிறுத்தவில்லை.

வரும் சித்திரைக்கு அவர்கள் மறுபடி வருகிறார்கள். பூவரசு தளிர்த்திருக்கிறது, இரண்டு பனையில் குலை தள்ளியிருக்கிறது. ஆனால் பனை ஏறுபவர் ஒருவர்தான் இப்போது இந்தச் சுற்றுவட்டாரத்தில் மீதம். அவரிடம் நுங்குக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் இந்த விடுமுறையில் உங்கள் பிள்ளைகளுடன் ஒரு கறங்கு செய்து பாருங்கள். முதல் தடவை சுழலாவிட்டால் துளையைச் சற்றுப் பெரிதாக்குங்கள், கட்டாயம் சுழலும்.